அட்டையம்மனுக்குப் பத்தாவது ஆதாரம்

சுருளியம்மாள் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள் என்றால், அவளோடு தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்கள் தோட்டமே அதிரச் சிரிப்பார்கள். ஆனால் அவள் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றுதான் அச்சேறியது. அதுவும் ஒன்பது முறை.

அந்தச் சேதியைக் கொண்டுவந்தவள், பூஜை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த அவள் மகள் முருகேஸ்வரி. மூணாறுக்கு மேலே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தில் பிறந்து, பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் மானிடவியல் எம்.ஏ. படிக்கிறாள். தோட்டத்து வழிபாடு பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். பத்து ஆதாரம் காட்டாவிட்டால் துறைத்தலைவர் நவீன்குமார் கையெழுத்துப் போட மாட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் பட்டமும் இல்லை. தாயின் முதுகில் கூடை அழுத்திய தழும்புக்கு மருந்தாக அந்த வீட்டில் எதிர்பார்க்கப்பட்டதே அந்த ஒரு தாள்தான்.

முருகேஸ்வரி தேடாத இடமில்லை. கல்லூரி நூலகத்தில் மானிடவியல் அலமாரி பூட்டிக் கிடந்தது. சாவியைக் கண்டுபிடித்துத் திறந்தால் உள்ளே மூன்றே புத்தகங்கள். ஒன்றைக் கரையான் படித்து முடித்திருந்தது. மற்ற இரண்டும் கோழி வளர்ப்பு. இணையத்திலோ ஒவ்வொரு கட்டுரையும் முதல் பக்கத்தைக் காட்டி ஆசையை மூட்டிவிட்டு, இரண்டாம் பக்கத்துக்கு டாலர் கேட்டது. கண்ணீர் முட்ட நின்றவளுக்கு நூலகர் கோமதிதான் வழி சொன்னாள்.

"ஏங்கண்ணு, காசு கீசு கட்டீராத. பல்கலைக்கழகத்துப் பாஸ்வேர்டு வாங்கித் தாறேன். அதுலயும் இல்லீன்னா எழுதுனவிங்களுக்கே ஒரு மெயில் போடு. நம்ம கட்டுரையக் கேக்க ஒரு சீவன் வராதான்னு ஏங்கிக் கெடப்பாங்க. ஒண்ணு கெடைச்சா அதோட கடைசிப் பக்கத்தப் பாரு. அதுல யார் பேரு இருக்குதோ அடுத்து அவிங்களப் புடி."

அப்படிப் பிடித்துப் பிடித்து ஒன்பது சேர்ந்தன. லயத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான, காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, செல்போனில் அவற்றைத் தாய்க்கு வாசித்தாள்.

"அட்டையம்மன்னு ஒரு சாமியாம்மா. நம்ம எஸ்டேட்லதேன். கொழுந்து கிள்ளப் போற பொம்பளைக கல்லு மேல உப்பு படைப்பாகளாம். எனக்குத் தெரியாம அது எங்கம்மா இருக்கு?"

சுருளியம்மாள் குடித்துக்கொண்டிருந்த பால் விடாத கட்டஞ்சாயாவைக் கீழே வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள்.

நோட்டோடு யார் வந்தாலும் அவளிடம் அனுப்பிவிடுவது அந்த லயத்து வழக்கம். மற்றவர்களுக்கு வேலை கெடாது. அவளுக்கும் பேச ஆள் கிடைக்கும். இருபது வருடத்துக்கு முன் பாலக்காட்டுப் பக்கமிருந்து ஓர் ஒல்லிப்பையன் அப்படி வந்தான். மூன்று நாள் அடைமழை. கால் முழுக்க அட்டை. ரத்தம் வழிய மேட்டில் உட்கார்ந்து தேம்பினான்: "ஒரு சாமி கூடக் கெடைக்கலீங்க அக்கா!" பக்கத்தில் எல்லைக்கல். அட்டையை உதிர்க்கப் பெண்கள் கொண்டுவரும் உப்புப் பொட்டலங்கள் அதன் மேல் இருந்தன. அது என்ன என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்தாள். தாய் மனசு தாங்கவில்லை.

"அதுவா? அட்டையம்மன்யா."

பையனின் கண்ணீர் பட்டென்று நின்றது.

"பாவி அம்மா!" தலையில் கை வைத்தாள் முருகேஸ்வரி. "அந்த ஒல்லிப்பையன் யாருன்னு தெரியுமா? எங்க நவீன்குமார் சாரு! மொதக் கட்டுரை அவரோடது. அவரப் பாத்துத்தேன் மத்த எட்டுப் பேரும் எழுதியிருக்காக. சாமி இல்லைன்னு எழுதுனா கையெழுத்துப் போட மாட்டாரு. இருக்குன்னு எழுத எனக்குக் கை வராது."

"நானே வந்து சொல்லிப்புடுறேன். போதுமா?"

மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போகையில் வழியெல்லாம் சாமி இல்லை என்று சொல்லப்போகும் வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள் சுருளியம்மாள். துறைத்தலைவர் அறைக்குள் நுழைந்ததும் பாதி மறந்துபோனது. சுவரில் அந்த எல்லைக்கல்லின் படம், சந்தன மாலையோடு.

"அக்கா! நீங்களா?" நவீன்குமார் ஓடிவந்து அவள் காலைத் தொட்டார். "இந்த நாற்காலி நீங்க போட்ட பிச்சைங்க அக்கா!"

"சார்... அந்தச் சாமி இல்ல சார்."

நவீன்குமார் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அதெப்படிங்க? ஒம்பது பேரு எழுதியிருக்கோம். நீங்க வாயில சொன்னா ஆதாரமாகாதுங்க. நீங்க சொன்னத வேற யாராச்சும் எழுதியிருந்தாத்தான் ஆதாரம்." சட்டம் பேசியவரின் உதடு துடித்தது. மழையில் நனைந்த அதே முகம்.

சுருளியம்மாள் மறுபடி தோற்றாள்.

"இப்ப இல்லைன்னு சொல்ல வந்தேன் சார். முந்தி இருந்துச்சு. கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

"எங்கேங்க போச்சு?"

"போடிமெட்டுப் பக்கம்."

"முருகேஸ்வரி!" துள்ளி எழுந்தார் நவீன்குமார். "தலைப்ப மாத்தீருங்க. 'அட்டையம்மனின் இடப்பெயர்ச்சி'! நேர்காணல்னு போட்டீங்கன்னா உங்கம்மாவே பத்தாவது ஆதாரமுங்க!"

ஊர் திரும்பும்வரை மகளிடம் பேச சுருளியம்மாளுக்கு முகமில்லை.

முருகேஸ்வரி தலைப்பை மாற்றினாள். தாய் சொன்ன கதையையும் தாய் சொன்னதாகவே எழுதினாள். ஆனால் நாற்பத்தோராம் அடிக்குறிப்பில், எறும்பளவு எழுத்தில், வேறொன்றையும் எழுதினாள்: 'அது எல்லைக்கல். உப்பு, அட்டைக்கு. தெய்வம் என்பதும் அது இடம்பெயர்ந்தது என்பதும், ஆய்வாளர் ஒருவரைத் தேற்ற என் தாய் சுருளியம்மாள் இருமுறை சொன்ன பொய்.' துறைத்தலைவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, தலைப்பைத் தடவிப் பார்த்துக் கையெழுத்திட்டார். பட்டம் வந்தது. அடிக்குறிப்பை இன்றுவரை அவர் படிக்கவில்லை. தாய்க்கு மட்டும் முருகேஸ்வரி அதை வாசித்துக் காட்டினாள்.

அடுத்த மழைக்கு லயத்தில் ஒரு ஜீப் நின்றது. நோட்டோடும் முருகேஸ்வரியின் ஆய்வேட்டு நகலோடும் ஒரு பெண் இறங்கினாள். வழக்கம்போல் சுருளியம்மாளிடம் அனுப்பினார்கள்.

"அம்மா, அட்டையம்மன் எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனாங்க?"

அவள் காலில் நான்கு அட்டைகள். கண் கலங்கியிருந்தது. சுருளியம்மாளின் நாக்கு நுனியில் ஒரு பதில் இனிப்பாகத் திரண்டது. அதை விழுங்கிக்கொண்டு, குனிந்து உப்பைத் தேய்த்தாள். அட்டைகள் உதிர்ந்தன.

"நாப்பத்தொண்ணாம் அடிக்குறிப்பு படிச்சியா தாயி?"

"இல்லியே..."

"படிச்சிட்டு வா. பொடி எழுத்துதேன், கண்ணாடி போட்டுப் படி."