உட்காரத் தெரியாத மனுஷன்

கப்பல் சமையல்காரரைக் கட்டிக்கொண்டால் நாக்குக்குக் குறைவே இருக்காது என்று என் கல்யாணத்தின்போது சொல்லாத ஆள் இல்லை. அந்த மனுஷன் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவானா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

வருஷத்தில் முக்கால்வாசி கடலில். லீவுக்கு வந்தாலோ, மில்லர்புரத்தில் எங்கள் வீடு கல்யாண வீடு. கப்பல்காரர் ஊருக்கு வந்திருந்தால் சொந்தபந்தமெல்லாம் வந்து கை நனைத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் ஆக்குவார், நான் பரிமாறுவேன், வந்தவர்கள் சப்புக்கொட்டுவார்கள். எல்லாரும் போன பிறகு குசினியில் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். நான் தனியாகத் தட்டைப் போட்டு உட்காருவேன்.

அதனால்தான் இந்த முறை அடம்பிடித்தேன். மறுநாள் காலையில் அவர் கிளம்ப வேண்டும். அதற்குள் ஒரே ஒரு வேளை, நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பீச் ரோட்டில் புதிதாக, கறியைப் பெரிய துண்டாகச் சுட்டுத் தருகிற ஒரு ஸ்டேக் கடை வந்திருந்தது. "நாங்களும் வாரோம் மைனி" என்று அவர் தங்கை புறப்பட்டாள். பிள்ளைகளை அவள் தலையிலேயே கட்டிவிட்டு, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். ஸ்டேக் தின்னப் பட்டு எதற்கு என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

இரும்புத் தட்டில் புகைந்துகொண்டு கறி வந்தது. எனக்குப் பார்க்கவே நன்றாக இருந்தது. அவர் தன் கறித்துண்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார்.

"கூடுதலா வெந்துட்டு. இங்கன இரு, இந்தா வாரேன்."

போனார். எங்கே? குசினிக்கு! யார் வீட்டுக் குசினி? கதவின் கண்ணாடி வழியே தெரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, கடைக்காரருடைய கரண்டியை வாங்கி, யாருக்கோ போக வேண்டிய கறியைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரரும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். அவருக்கென்ன, சம்பளமில்லாமல் ஓர் ஆள் கிடைத்தாயிற்று. பக்கத்து மேசையில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்துப் பாவப்பட்டாள். அந்தப் பார்வைக்கு அவளை நாலு கேட்கலாம் போலிருந்தது. வேலை செய்கிற இடத்தில் வேலை செய்யட்டும், யார் வேண்டாமென்றது? என் ஒரு வேளையையுமா அடுப்பில் போட வேண்டும்?

ஆத்திரத்தில் என் துண்டில் பாதியைத் தின்றேன். ருசி தெரியவில்லை.

வியர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் புதுத் தட்டு. அதை என் முன்னால் வைத்துவிட்டு, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதத் தின்னு பாரு ஏளா. பஞ்சு மாதிரி இருக்கும்."

"நீங்க உக்காருங்க."

"நீ சாப்பிடு. நீ சாப்பிடுதத பாத்தாலே எனக்கு வயிறு நெறஞ்சிரும்."

"வருஷம் பூரா நான் தனியாத்தான் சாப்பிடுதேன். அத வேடிக்கை பாக்கவா இம்புட்டு தூரம் வந்தீய?"

சத்தம் கூடிவிட்டது போல. பக்கத்து மேசை திரும்பியது. திரும்பட்டும்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "கப்பல்ல எல்லாரும் சாப்பிட்ட பெறவுதான் எனக்கு. தட்டோட உக்காந்தா போதும், எவனாவது கூப்பிடுவான். எந்திரிக்கணும். அப்படியே பழகிட்டு."

"இங்கன உங்கள கூப்பிடுறது நான் ஒருத்திதான். அது மட்டும் காதுல விழமாட்டேங்குது."

உட்கார்ந்தார். அவர் கொண்டுவந்த கறியை வெட்டிப் பாதியை அவர் தட்டில் வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் மெதுவாக மென்றார். அவர் மெதுவாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

என் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. மற்ற பெண்களைப் போல இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கத்தான் ஆசை. ஆனால் விடிந்தால் கப்பலுக்குப் போகிற மனுஷனிடம் எந்த இரண்டு நாளைக் கேட்பது?