பொம்மை இல்லாமல் நடந்த வகுப்பு

சுகிர்தா அக்காவின் மறைவுச் செய்தி வந்தபோது நான் பெங்களூர் தொம்மலூர் சிக்னலில் ஆட்டோவில் மாட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை மகன் போனில், "அங்கிள், பெரியம்மா காலைல போயிட்டாங்க" என்றார். ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தேன். கால் மணி நேரம் நடந்த பிறகுதான், அக்கா இருந்த ஆஸ்பத்திரிக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது.

நினைவு ஆராதனைக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கல்லூரியில் கேட்டார்கள். நான் முதல்வர், நான்தான் எழுத வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் அக்கா நல்லவராக இருந்தார், பக்கத்தில் நானும் நல்லவனாக நின்றுகொண்டிருந்தேன். இது நாலாவது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அருள்திரு சுகிர்தா அம்மையார் கோலார் தங்கவயலில் பிறந்தவர். எங்களுடையது சிறிய ஆங்கிலிக்கன் இறையியல் கல்லூரி. ஊழியத்துக்குப் படிக்கும் மாணவர்கள் பதினொரு பேர், ஆசிரியர்கள் நாலு பேர். நான் கிரேக்கம் நடத்தினேன், அக்கா ஆராதனை முறைகளை நடத்தினார். அப்பத்தை எப்படிப் பிட்பது, அடக்கத்தில் எங்கே நிற்பது, மாப்பிள்ளை மோதிரத்தைக் கீழே போட்டுவிட்டால் என்ன செய்வது, எல்லாம் அவர் பொறுப்பு. நான் சேர்ந்த முதல் வாரமே, ஜெபத்தை வேகமாக வாசித்ததற்காக மாணவர்கள் முன்னாலேயே, "ஜோஷுவா, பஸ் புடிக்கணுமா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மத்தியானம் தன் மீன் வறுவலில் பாதியை என் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல, ரசம் சரியில்லை என்று சமையல்காரரிடம் கன்னடத்தில் சண்டை போட்டார். எங்கள் நட்பு அப்படித்தான் ஆரம்பித்தது.

ஞானஸ்நானப் பயிற்சிக்கு அவர் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வைத்திருந்தார். மாணவர்கள் தண்ணீர் ஊற்றிப் பழகலாம். ஆனால் "பிதா, குமாரன்" என்று தொடங்கும் இடத்தில் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "அது ஒத்திகைக்கு இல்ல" என்பார்.

நாலு வருடத்துக்கு முன் ஒருநாள் அவருக்குப் பல்வலி. அவர் வகுப்பை நான் எடுத்தேன். பொம்மை அவர் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அப்போது துப்புரவு வேலை பார்த்த மஞ்சுளா, ஆஸ்டின் டவுனிலிருந்து வரும் இந்துப் பெண், தன் எட்டு மாதக் குழந்தையை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டு வராண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பொம்மை அழாது, நெளியாது. இதைப் பிடிச்சுப் பழகுங்க" என்றேன். என் யோசனை எனக்கே பிடித்துப்போயிற்று. ஒரு மாணவர் குழந்தையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். வார்த்தைகளையும் முழுவதும் சொன்னார். நான் நிறுத்தவில்லை. குழந்தை வீறிட்டது, எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "தண்ணி ஊத்தினீங்களா? வார்த்தைய முழுசா சொன்னீங்களா?"

"பயிற்சிதானே அக்கா."

எங்கள் திருச்சபையில் தண்ணீரும் அந்த வார்த்தைகளும் சேர்ந்தால் அது ஞானஸ்நானம், யார் கொடுத்தாலும். ஆனால் நோக்கம் இல்லாமல் செய்தது செல்லாது என்று நான் வாதாடினேன். கிரேக்கமெல்லாம் எடுத்துவிட்டேன்.

"செல்லுமா செல்லாதான்னு அப்புறம் அடிச்சிக்கலாம். பெத்தவகிட்ட கேட்டோமா?"

"இப்பப் போய்ச் சொன்னா மதம் மாத்துறாங்கன்னு போலீஸ் வரும். காலேஜையே இழுத்து மூடிடுவாங்க."

"வரட்டும். அவ பிள்ளைக்கு நாம செஞ்சது அவளுக்குத் தெரியணும்."

அன்று சாயங்காலமே இருவரும் ஆஸ்டின் டவுனுக்குப் போனோம். மஞ்சுளாவின் கணவரும் இருந்தார். அக்கா உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "வகுப்பு என்னோடது. தப்பும் என்னோடது. உங்க பிள்ளை உங்க பிள்ளைதான். எங்க ரிஜிஸ்தர்ல எழுத மாட்டோம், சொந்தம் கொண்டாட மாட்டோம். கேக்காம செஞ்சதுக்கு மன்னிச்சிடுங்க." நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கணவர் கத்தித் தீர்த்தார். புகார் கொடுக்கவில்லை, ஆனால் மஞ்சுளா அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

விஷயம் நிர்வாகக் குழுவுக்குப் போயிற்று. அங்கும் அக்கா அதையே சொன்னார். அந்த ஆண்டு முதல்வராக வேண்டியவர் அவர். நான் ஆனேன். எனக்கு மாலை போட்டவரும் அவரே. "வேலையப் பாருங்க, ஜோஷுவா" என்றார், அவ்வளவுதான். என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவர் மேல் கோபம்கூட வந்ததுண்டு. நாலு வருடம் பக்கத்து அறையில் இருந்தும், அவர் கதவு வரை போய்த் திரும்பிய நாள்களுக்குக் கணக்கே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மஞ்சுளாவைத் தேடிப் போனேன். அதே வீட்டில்தான் இருந்தார். வாசலில் நின்றே, அன்றைக்கு வகுப்பு எடுத்தது நான் என்று சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதானே தொடச்சேன். நீங்க சிரிச்சிட்டு நின்னீங்க."

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. எங்க பேர மட்டும் மாத்திடுங்க." மாற்றியிருக்கிறேன். இந்தப் பக்கத்தின் ஒரு பிரதி நிர்வாகக் குழுவுக்கும் போகிறது.

கிளம்பும்போது மஞ்சுளா சொன்னார்: "மேடம் வருஷா வருஷம் பாப்பா பொறந்தநாளுக்கு வருவாங்க சார். வந்ததும் மொதல்ல, 'ஜோஷுவா வந்தாரா?'ன்னு கேப்பாங்க. இல்ல மேடம்னு சொல்லுவேன். 'வருவாரு, இரு'ன்னு சொல்வாங்க."

அக்கா, வந்தேன். நீங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு வந்தேன். போய் வாருங்கள்.