புருவத்தைப் பார்ப்பவள்

புருவத்தைப் பார்க்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஜன்னல். மறுபடியும் புருவம். எதிரே இருப்பவர் தன் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். "கண்ணைப் பாத்தா காது கேக்காது மிஸ். புருவம்னா பரவால்ல" என்று அவளே ஒருநாள் சொன்னாள்.

வயது பதினைந்து. ஆட்டிசம் உள்ள பெண், தையல்காரர் மகள். எதையும் யோசித்தே பதில் சொல்வதால் வகுப்பில் 'மந்திரி' என்று பெயர். சிரிப்பில் மூன்று ரகம் வைத்திருக்கிறாள்: மாமாவுக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று, புரியாத ஜோக்குக்கு ஒன்று. மூன்றாவதுதான் அதிகம் தேவைப்படுகிறதாம். பாக்கெட்டில் அப்பா கடை வெட்டுத்துணி ஒன்று எப்போதும் கசங்கிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் ஊராருக்காகத் தங்களை எவ்வளவு மறைத்துக்கொள்கிறார்கள் என்று அளப்பது என் வேலை. முதலில் கேள்வித்தாள். அதில் என் தலையசைப்பைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறாள். எந்தப் பதிலுக்கு நான் தலையாட்டினேனோ, அடுத்ததற்கும் அதே பதில். ஆறு கேள்வி தாண்டித்தான் எனக்கு உறைத்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற கூட்டம் நாங்கள்.

அடுத்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுடன் பத்து நிமிடம் பேச்சு, கேமராவுக்கு முன்னால். பிசிறே இல்லை. அந்தப் பெண் கிளம்பியதும், பக்கத்து அறைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த பெரிய டாக்டர் உள்ளே வந்தார். பரீட்சை எழுதத் தனி அறை வேண்டுமென்றால் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"நல்லாத்தானே பேசுறா? தனி ரூம் எதுக்கு?"

"போன வருஷம் அறுபது பேரோட உக்கார வச்சாங்க டாக்டர்" என்றாள் கூட வந்திருந்த அவள் அம்மா. "அரை மணி நேரத்துல வெத்துத்தாளக் குடுத்துட்டு வந்துட்டா. ரெண்டு நாள் வாயே தொறக்கல."

"நான் பாத்ததத்தானேம்மா எழுத முடியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பழக்க தோஷம். பேச்சு முடிந்தால் கேமராவை நிறுத்துவதுதான் எங்கள் வழக்கம். கை தானாக அதன் பக்கம் போனது.

"நிறுத்தாதீங்க மிஸ். இனிமேதான் இருக்கு" என்றாள்.

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். புருவத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தே பேசினாள். "மறைச்சா நல்லா இருக்கேன்றீங்க. மறைக்கலன்னா நடிக்கிறேம்பீங்க. அந்தப் பத்து நிமிஷம் முழுக்க நான் வேல பாத்தேன் சார். அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு யாரும் பாக்கறதே இல்ல."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியை விட்டு இறங்கி மேஜைக்கு அடியில் போய்விட்டாள். காதுகளைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். அம்மா பதறிப்போய்க் கதவைச் சாத்த எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது. மேஜை மேல் தடவி, ஓடிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கேமராவை எடுத்துத் தரையில், தன் முகத்துக்கு நேராக வைத்துவிட்டு, திரும்பக் காதைப் பொத்திக்கொண்டது.