சவரிமுத்து ஓட்டிப் பார்க்காமல் கொடுத்த வண்டி

சவரிமுத்து இறந்த செய்தி எனக்குப் பட்டர்வொர்த்தில் வந்தது. ஆபீசில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி மரியம்மாளின் தம்பி ஆரோக்கியம் பினாங்கிலிருந்து பெர்ரியில் வந்திறங்கி, நேரே என் குமாஸ்தா மேசை முன்னால் வந்து நின்றான். தலையில் வைத்திருந்த தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

“மச்சான் போயிட்டாருங்க கிராணியாரே. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. நாலு நாளா ஆஸ்பத்திரில கெடந்தாரு.”

நான் எழுந்து நின்றேன். அவன் தொடர்ந்தான்.

“சாயந்திரம் நாலு மணிக்கு அடக்கம். அக்கா சொல்லிவிட்டாங்க, உங்கள வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போகச் சொல்லி.”

போனேன். முகத்தையும் பார்த்தேன். மரியம்மாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லறையிலிருந்து திரும்பும் வழியில், சவரிமுத்துவின் தெருவிலுள்ள மோட்டார் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வாசிக்க ஏதாவது எழுதித் தர வேண்டும் என்றார்கள். “நீங்கதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு, அவரோட பழகினவரு” என்றார்கள். ஒப்புக்கொண்டேன். நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் அன்று நினைத்தேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், அரைக்கடையில், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். மோட்டார் சைக்கிள் எதுவானாலும் அவர் கைக்கு அடங்கும். ஆனால் வேகம் காட்டும் மீட்டர் என்றால் தீவு முழுவதும் அவரைத்தான் தேடி வரும். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் போலக் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தச் சின்னப் பற்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் எடுத்து வைப்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது, பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒருவர் வந்தார். மீட்டரில் ஓடிய மைல் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்து வைத்துக் கொடுக்க வேண்டும் என்றார். சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டே, “ஓடின கட்டை ஓடினதுதான். அத நான் எப்படிங்க ஓடாததா ஆக்குறது?” என்றார். மைலை நாம் கட்டை என்றுதானே சொல்கிறோம். அந்த மனிதர் நெடுநேரம் கெஞ்சிப் பார்த்தார். பிறகு திட்டினார். அதன்பின் அவர் தம் வண்டிகளை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

மீட்டர் வேலை முடிந்ததும் வண்டியை உடனே கொடுத்துவிட மாட்டார். ஆயர் ஈத்தாம் ரோட்டுக்குக் கொண்டுபோய், ஒரு கட்டைக்கல்லிலிருந்து அடுத்த கட்டைக்கல் வரை முள்ளை ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டுவார். கடிகாரத்தைப் பார்ப்பார். முள் முப்பதில் நின்றால் ஒரு கட்டைக்கு இரண்டு நிமிடம் ஆக வேண்டும். இருபதில் நின்றால் மூன்று நிமிடம். நேரம் ஒத்துவராவிட்டால் திரும்பி வந்து மறுபடியும் பிரிப்பார். “மீட்டர் என்ன வேணும்னாலும் சொல்லும். கல்லு பொய் சொல்லாது” என்பார். ஒருமுறை மழை பிடித்துக்கொண்டதால், ஒரு தோட்டத்துத் துரையை இரண்டு மணி நேரம் காக்க வைத்தார். துரையின் டிரைவர் வந்து சத்தம் போட்டான். “அவசரம்னா ரிக்‌ஷாவுல போகச் சொல்லுலா. ஓட்டிப் பாக்காம நான் குடுக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்காமல் கொடுத்தார். அது என்னுடையது. உங்களுக்குத் தெரிந்த கதைதான் அது. ஆனால் தெரிந்தது பாதி. மீதியை இன்றுவரை நான் சொல்லவில்லை.

அப்போது நான் தண்ணீர் இலாகாவில் கிராணி. யுத்தத்துக்கு முன் செய்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை, ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன். அதன் மீட்டர் முள் முதலில் நடுங்கியது. பிறகு குதித்தது. கடைசியில் சுழியத்தில் படுத்துவிட்டது. சவரிமுத்து பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே பல் தேய்ந்துபோய்விட்டது, சீமையிலிருந்து சாமான் வர மாதக்கணக்கில் ஆகும் என்றார். நான் விடவில்லை. நச்சரித்தேன். கடைசியில், உடைத்துப் போட்ட வேறு கம்பெனி வண்டியிலிருந்து கழற்றிய மீட்டர் ஒன்றைப் பொருத்தச் சம்மதித்தார்.

“இது வேற வண்டி மீட்டருங்க. உங்க சக்கரத்துப் பல்லுக்கும் இதுக்கும் ஒத்துவருமான்னு தெரியல. ஓட்டிப் பாத்தாத்தான் சொல்லமுடியும்.”

அன்று மாலை வேலை முடிந்தபோது மழை கொட்டியது. எனக்கோ பொறுக்கவில்லை. எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அண்ணன் அன்று பெர்ரியில் வருவதாக இருந்தது. அவரைப் பின்னால் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்ற ஆசை. அதைச் சொன்னால் சவரிமுத்து சிரித்துவிட்டு உட்காரச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆகவே பொய் சொன்னேன்.

“தண்ணீர்மலையில் பெரிய குழாய் உடைஞ்சுபோச்சு. துரை உடனே வரச் சொல்லி ஆள் விட்டிருக்கார். ஊருக்கே தண்ணி நின்னுடும், சவரிமுத்து.”

அவர் மழையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டியைத் தள்ளிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

“கிராணியாரே, முள்ளு என்ன காட்டினாலும் மெதுவாப் போங்க. நாளைக் காலையில மொத வேலையா கொண்டாந்துடுங்க. மறந்துடாதீங்க.”

மறுநாள் நான் கொண்டுபோகவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஆரோக்கியத்தை அனுப்பி வண்டியைக் கேட்டார். நாளை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் காலை டத்தோ கிராமாட் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். முள் இருபதில் நின்றது. நிதானமாகப் போவதாகத்தான் நினைத்தேன். காற்று முகத்தில் அடித்த வேகத்தை வைத்தாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சந்திலிருந்து பால்காரர் வேலு சைக்கிளில் திரும்பினார். நிறுத்தப் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. பால் தகரங்கள் உருண்டன. ரோடெல்லாம் பால். வேலுவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. எலும்பு நேராகக் கூடவில்லை. அவர் இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

கேஸ் நடந்தது. மீட்டரைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டவரே சவரிமுத்துதான். போலீஸ்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். முள் இருபதில் இருக்க, ஒரு கட்டை இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

கூண்டில் முதலில் என்னைத்தான் ஏற்றினார்கள். வண்டியைக் கொடுக்கும்போது மெக்கானிக் ஏதாவது எச்சரிக்கை சொன்னாரா என்று கேட்டார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் முன்பே சொல்லி வைத்திருந்தார். வேலை போய்விடும், பெண் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்ற பயம் வேறு. “ஒன்றும் சொல்லவில்லை” என்றேன்.

சவரிமுத்து சுவரோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். பிறகு அவர் முறை வந்தது. துவிபாஷி அதே கேள்வியைத் தமிழில் கேட்டார்.

“நான் என்ன சொன்னா என்னங்க, சொல்லாட்டி என்னங்க? ஓட்டிப் பாக்காம குடுத்தது நான். எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சின்ன அபராதம். அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. பெயர் மட்டும் போயிற்று. தம் வண்டிகளை அவரிடம் விட்டுவந்த பெரிய கம்பெனி ஒன்று நிறுத்திக்கொண்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பட்டறைக்குப் போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அன்னிக்குச் சாயந்திரமே வீட்டுக் குழாயத் தொறந்தேன். தண்ணி நல்லா வந்துச்சு.”

அவர் ஒரு பற்சக்கரத்தைத் துணியில் எடுத்து வைத்தார்.

“நான் உங்களுக்காகச் சொல்லலங்க. குழாயில தண்ணியப் பாத்ததுமே நான் உங்க வீட்டுக்கு வந்து வண்டியப் புடுங்கியிருக்கணும். கோவத்துல இருந்துட்டேன். தானா வரட்டும்னு இருந்துட்டேன். அந்த மனுசனுக்குக் கால் போச்சு.” பிறகு சொன்னார்: “உங்க வண்டிய இனிமே நான் தொடமாட்டேன். வேற எடம் பாத்துக்குங்க.”

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பட்டர்வொர்த்துக்கு மாற்றலும் வந்தது. வண்டியை விற்றுவிட்டேன். எப்போதாவது அவரைக் கடைத்தெருவில் பார்ப்பேன். நின்று பேசுவார். வீட்டில் சுகமா என்பார். கடைசியில் தவறாமல், “வேலுவப் போய்ப் பாத்தீங்களா?” என்று கேட்பார். நேரம் கிடைக்கவில்லை என்பேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், இந்த எழுத்தைத் தொடங்க உட்கார்ந்தேன். முதல் வரிகூட வரவில்லை. மறுநாள் பெர்ரி ஏறி, சுங்கை பினாங் பக்கம் வேலுவின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மாட்டுக் கொட்டகையில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து புல் நறுக்கிக்கொண்டிருந்தார். பால் ஊற்ற இப்போது அவர் மனைவிதான் போகிறாளாம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழாய்ப் பொய், மூன்றாம் நாள் ஆள் வந்தது, கூண்டில் சொன்னது, எல்லாம். நான் முடித்ததும் அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

“ஏன் இப்ப வந்து சொல்றீங்க?”

“முன்பே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன்.”

“அந்த மனுசன் உசுரோட இருக்கறப்ப சொல்லியிருந்தா, நான் அவர ஏசியிருக்க மாட்டேன்லா!” அவர் கோலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “சனிக்கெழம சனிக்கெழம கோல ஊனிக்கிட்டுப் போயி, அவரு கடை வாசல்ல நின்னு கத்தியிருக்கேன். பொண்டாட்டி புள்ளைங்க காதுல விழக் கத்தியிருக்கேன். என் காலத் தின்னவன்னு சொல்லியிருக்கேன். ஒரு நாளும் பதில் சொன்னதில்ல. கத்தி முடிச்சா ஸ்டூல எடுத்துப் போட்டு உக்காரச் சொல்லுவாரு.”

எனக்கு அது தெரியாது. நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். உங்களில் பலர் அதைக் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு, வேலு சொல்வது நியாயம்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

மன்னித்துவிடுங்கள் என்று வேலுவிடம் கேட்டேன். அவர் மன்னிக்கவில்லை. “என்கிட்ட சொன்னா ஆச்சா? நான் கத்துனத ஊரே கேட்டுச்சு. அவங்க எல்லார் காதுலயும் விழுறாப்புல சொல்லுங்க. அப்புறமா என்கிட்ட வாங்க” என்றார்.

அதனால்தான் இதை இப்படி எழுதினேன். வேறொருவர் வாசிக்கட்டும் என்று கொடுத்துவிடாமல், நானே உங்கள் முன் நின்று வாசிக்கிறேன். கூண்டில் நான் சொன்னது பொய் என்று கோர்ட்டுக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். அதனால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு நேற்றுதான் சொன்னேன்.

ஒருவரை நினைவுகூரும்போது அவரிடமிருந்து நாம் வைத்துக்கொள்வது என்ன என்று சொல்வது வழக்கம். சவரிமுத்துவிடமிருந்து நான் இரண்டு வருஷமாக வைத்துக்கொண்டிருப்பது அவருடைய நல்ல பெயர். அதைக் கொண்டுதான் என் வேலை நிலைத்தது, என் வீட்டில் விளக்கு எரிந்தது. மரியம்மாள் அக்கா, நீங்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் புருஷன் அன்று மழையில் என்னிடம் சொன்னார்: மெதுவாகப் போங்கள், காலையில் கொண்டு வாருங்கள் என்று. தெளிவாகச் சொன்னார். என் இரண்டு காதாலும் கேட்டேன்.