எங்கள் இதழுக்கு உரிமையாளர் யார்?

நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து ஓர் ஆய்விதழ் நடத்துகிறோம். இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். எழுதுகிறவர்களிடமும் காசு வாங்குவதில்லை.

நார்த்தாமலைக் கல்வெட்டுக் கட்டுரைக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும் என்று போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்று காலை ஒரு பதிப்பக நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. இதழை விலைக்கு வாங்கிக்கொள்கிறார்களாம். உரிமையாளர் யார் என்று கேட்டிருந்தார்கள். அதையும் குழுவில் போட்டேன்.

வல்லத்திராக்கோட்டை பஸ்ஸில் உட்கார்வதற்குள் ஆவூர் ஆரோக்கியம் சார் போன் செய்தார்.

"தம்பி, இதழுக்குப் பேரு வச்சதே நாந்தான். மறந்துராதீங்க."

அவர் போனை வைத்ததும் செல்வி டீச்சர் கூப்பிட்டார்.

"வெப்சைட்டு எம் பேருல இருக்குங்க. என்னயக் கேக்காம பதில் போட்டுராதீங்க."

"விக்கவா போறோம், டீச்சர்?"

"விக்கவெல்லாம் வேணாங்க. ஆனா யாருதுன்னு தெரியணும்ல?"

எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்லித்தான் தொடங்கினோம். அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நாளைக்கு யாராவது ஒருவர் தலையாட்டிவிட்டால் தடுக்க வழியில்லை.

நான் இறங்குவதற்குள் குழுவில் இன்னும் நான்கு உரிமையாளர்கள் முளைத்திருந்தார்கள்.

கல்வெட்டுக் கட்டுரை அப்படியேதான் கிடக்கிறது. உரிமையாளர்களில் யாராவது ஒருவர் மெய்ப்புப் பார்த்துத் தருகிறீர்களா?