சத்தீஸ்கர் போகும் குடங்கள்

கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் சென்ட்ரல் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். எதிர்த் தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று முடிவேயில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண். அவள் காலடியில், கயிற்றில் கோத்துக் கட்டிய புத்தம்புது பிளாஸ்டிக் குடங்கள். பச்சை, நீலம், ரோஸ். குடக்கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன்.

"கடையா? சத்தீஸ்கருக்கு எடுத்துகினு போறேன் சார். அங்க கிராமத்துலதான் இப்ப வூடு."

இங்கே வள்ளூரில் கணவரின் ஒப்பந்த வேலை முடிந்ததும் சத்தீஸ்கரில் ஓர் அனல்மின் நிலையத்தில் வேலை கிடைத்ததாம். ஊர் பிடித்திருக்கிறதா என்கிறேன்.

"ஒரே பேஜாரு. ஆஸ்பத்திரி போவ காலைல ஒரு பஸ்ஸுதான் கீது. அத்த வுட்டா மறுநாளுதான். பாஷையும் தெரியல. போன புதுசுல, நம்மூரு பழக்கத்துல, ராத்திரியே அடிபம்பாண்ட குடத்த வரிசைல வச்சிட்டேன். விடிஞ்சி பார்த்தா காணோம். அங்கயே நின்னு கண்டபடி திட்டினேன். புரியாம சிரிச்சாளுங்க. வூட்டுக்கு வந்தா, பின்வாசல்ல என் குடம், ரொம்பி நிக்குது. அங்க ஏது வரிசை? பாவம், இவ தூக்க முடியாம வுட்டுட்டுப் போய்ட்டான்னு நெனச்சிருக்காளுங்க."

வண்டி வந்துவிட்டது. குடங்களில் பாதியை நான் தூக்கிக்கொள்கிறேன்.

"யாருக்கு இத்தனை?"

"எவ ரொப்பி வச்சான்னு இன்னிவரைக்கும் தெரியல சார். அதான் தெருவுக்கே வாங்கிட்டேன்."