டட்லிக்குப் பொய் சொல்லத் தெரியாது

டட்லி ப்ரேஸியரைப் பொய்யன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவனுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், பொய்யர்களை இப்படிக் கேவலப்படுத்தலாமா என்றுதான் கோபம். எங்கள் முர்ரிண்டி ஊரில் இருக்கிற ஒரே பப் என்னுடையது. பொய்யர்களுக்குப் பீர் ஊற்றியே என் தலை நரைத்துவிட்டது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும். அது வெளியே வராமல் காபந்து பண்ண வேண்டும். நேற்று பெண்டாட்டியிடம் என்ன சொன்னோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இன்றைக்கும் அதையே சொல்ல வேண்டும். எவ்வளவு பாடு! டட்லி அந்தப் பாடெல்லாம் பட்டதே கிடையாது. அவன் சும்மா அடித்து விடுகிறவன். வாயிலிருந்து வந்தது நடந்ததா நடக்காததா என்று அவன் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஊரிலேயே பிறந்தவன். பஞ்சாயத்துக்கு மண்சாலை சமப்படுத்தும் வண்டி ஓட்டினான். முதுகு போய்விட்டது என்று சீக்கிரமே வேலையை விட்டான். முதுகு எப்படிப் போயிற்று என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பார்த்துப் பதில் வரும். குதிரைக்காரனிடம் குதிரை தள்ளிவிட்டது என்பான். மீன் பிடிக்க வந்தவனிடம் முதலை. ஒரு முறை பாதிரியாரிடம், அநாதைக் குழந்தை ஒன்றை வெள்ளத்திலிருந்து தூக்கியபோது பிடித்துக்கொண்டது என்றான். அன்றைக்கு நான் அவன் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்கிவிட்டேன். கல்யாணம் கிடையாது. காலையில் என் பப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தால் சாயங்காலம் உள்ளே வருவான். அந்த நேரம் முழுக்க வாய் ஓய்ந்ததில்லை.

வருஷா வருஷம் எங்கள் ஊர்க் கால்நடைக் கண்காட்சியில் ஒரு புளுகுப் போட்டி நடக்கும். எங்கெங்கிருந்தோ கம்பளி வெட்டுகிறவர்கள் எல்லாம் வருவார்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: சொல்கிற கதையில் உண்மை கலந்திருந்தால் ஆள் அவுட். டட்லிக்குப் பரிசு நிச்சயம் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. மற்றவர்கள் மாசக்கணக்கில் யோசித்து, உண்மை எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கு அந்தப் பக்கம் காலை வைப்பார்கள். இவன் மேடையேறி வாயைத் திறப்பான், அவ்வளவுதான். ஒரு வருஷம், கங்காரு ஒன்று சர்ச்சுக்குள் வந்து கடைசி பெஞ்சு ஓரமாக நின்று பிரசங்கம் முழுவதையும் கேட்டுவிட்டுப் போன கதையைச் சொன்னான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்போது பின்னால் இருந்து பாதிரியார் எழுந்தார்.

"மன்னிக்கணும். அது நெஜமாவே நடந்துச்சு. போன ஆகஸ்ட்ல."

டட்லி அவுட். மேடையிலேயே வாயெல்லாம் பல். "அட, நடந்துச்சா? அப்ப நல்லதாப் போச்சு!" என்று இறங்கிவிட்டான்.

யார் மேலும் அவனுக்கு வஞ்சம் கிடையாது. அதுதான் எரிச்சலே. வஞ்சம் இருந்தால் நாமும் பதிலுக்கு வைத்துக்கொள்ளலாம். மெர்வ் காலகனுக்கு நடந்ததைக் கேளுங்கள். மெர்வுக்கு ஊருக்கு மேற்கேயும் வடக்கேயும் ஆட்டு நிலம் உண்டு. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். கம்பளி வாங்க வெளியூரிலிருந்து ஓர் ஆள் வந்து என் பப்பில் உட்கார்ந்திருந்தான். பேச்சு நடுவில் கொஞ்சம் தொய்ந்தது. தொய்ந்தால் டட்லிக்குப் பொறுக்காது. "மெர்வ் ஆடுங்களா? இந்த வருஷம் எல்லாம் பேன் பிடிச்சுக் கெடக்குதாம்" என்றான். அந்த ஆள் மெர்வின் பண்ணைக்குப் போகவே இல்லை. ஆட்டில் பேனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மறுநாள் டட்லிக்கு அப்படிச் சொன்ன நினைப்பே இல்லை.

எங்கள் பக்கத்துச் சாலையில் எதிரே வண்டி வந்தாலும் ஓரமாக ஆள் இருந்தாலும், ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். தெரிந்தவனோ தெரியாதவனோ, அதுதான் மரியாதை. தூக்காமல் போவது மூஞ்சியில் கதவைச் சாத்துகிற மாதிரி. பேன் விவகாரத்துக்குப் பிறகு மெர்வ் டட்லிக்கு விரலைத் தூக்குவதை நிறுத்தினான். ஊர் முழுக்க அதைக் கவனித்தது, டட்லியைத் தவிர.

அந்த ஜனவரியில் வெயில் கொளுத்தித் தள்ளிய ஒரு நாள், காலையில் வண்டியில் போன மெர்வ் மதியமாகியும் வீடு திரும்பவில்லை. வண்டி ரேடியோவில் கூப்பிட்டால் பதில் இல்லை. அவன் பெண்டாட்டி நோலீன் போலீஸ் சார்ஜென்ட் டெம்ப்ஸியைக் கூட்டிக்கொண்டு பப்புக்கு வந்தாள். மேற்கு நிலத்தில் வேலி அறுந்து கிடந்தது. வடக்கு நிலத்தில் காற்றாலையில் ஓடுகிற போர்க் கிணறு தண்ணீர் இறைக்கவில்லை. மெர்வ் இரண்டில் எதற்குப் போனான் என்று தெரியவில்லை. பக்கத்துப் பண்ணை கோலினிடம் ஒரு சின்ன விமானம் இருந்தது. இருட்டுவதற்குள் ஒரு திசையைத்தான் அது தேட முடியும். அந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஒருவன் விழுந்து கிடந்தால் விடியும்வரை தாங்க மாட்டான். இது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"பம்புக்கு எடுக்கற பெரிய ஸ்பேனர் கதவுக்குப் பின்னாடி இல்ல. எனக்கென்னவோ போருக்குத்தான் போயிருப்பான்னு தோணுது" என்றாள் நோலீன்.

"இரும்மா, எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்றார் சார்ஜென்ட். மேற்கே போகிற வண்டி என் பப்பைத் தாண்டித்தான் போயாக வேண்டும். வடக்கே போகிறவன் முன்னாலேயே தானியக் கிடங்குப் பக்கம் திரும்பிவிடுவான். நானோ காலை முழுக்கக் கொல்லைப் பக்கம் பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் இருந்தவன் ஒரே ஆள்.

"டட்லி, காலைல மெர்வ் வண்டி இப்படிப் போச்சா?"

"போகாம? எட்டு மணி இருக்கும். வெள்ளை வண்டி, பின்னாடி நாய். கண்ணாடிய எறக்கி விட்டிருந்தான். என்னப் பார்த்து விரலத் தூக்கினான், லேசா ஒரு சிரிப்பு. ஆளு கொஞ்சம் களைப்பாத்தான் இருந்தான், அப்பவே நெனச்சேன்."

சார்ஜென்ட் நேரே என் டெலிபோன் பக்கம் போனார். "கோலின், மேற்கால" என்று ஆரம்பித்துவிட்டார். ஸ்பேனரை அவர் மறந்தேபோனார். நானும்தான் மறந்தேன். கண்ணாடி, நாய், களைப்பு என்று அத்தனை விவரம் சொல்கிறவன் முன்னால் காணாமல் போன ஒரு ஸ்பேனர் எந்த மூலைக்கு?

நோலீன் நகரவில்லை. "விரலத் தூக்கினானா?"

"ஆமா. எப்பவும் போல."

"எப்பவும் போலவா? மெர்வ் உனக்கு விரலத் தூக்க மாட்டான், டட்லி. அந்தப் பேன் விவகாரத்துக்கு அப்புறம் ஒரு நாள்கூடத் தூக்கினதில்ல. பக்கத்து சீட்ல உக்காந்து நானே பார்த்திருக்கேன்."

"எந்தப் பேன் விவகாரம்?"

கையில் இருந்த தட்டாலேயே அவன் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. "எனக்கா? மெர்வா? நான் அவனுக்குத் தூக்குவேனே" என்றான், ஏதோ சின்னப் பிள்ளை மாதிரி.

"அது கெடக்கட்டும்." நோலீன் அவன் எதிரில் வந்து நின்றாள். கத்தவில்லை. "இன்னைக்கு நீ அவனப் பார்த்தியா இல்லையா? அது ஒண்ண மட்டும் சொல்லு."

"பார்த்த மாதிரி..." என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான். சாலையைப் பார்த்தான். பெஞ்சைப் பார்த்தான். அவன் தனக்குள்ளே எதையோ துழாவுகிறான் என்று எனக்குப் புரிந்தது. கண்டதும் அடித்து விட்டதும் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கிற இடத்தில் என்னத்தைத் தேடுவது? அப்போது அவனைப் பார்க்க எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

"தெரியலயே, நோலீன்."

"தெரியலன்னா?"

"நெஜமாத்தான். பார்த்திருக்கலாம். அது நேத்தாக்கூட இருக்கலாம். தேடிப் பார்க்கறேன், கெடைக்க மாட்டேங்குது."

அந்த வாயிலிருந்து 'தெரியவில்லை' என்ற சொல் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். நோலீன் பாய்ந்துபோய் சார்ஜென்ட் கையிலிருந்து போனைப் பறித்தாள். "கோலின், நோலீன் பேசறேன். வடக்கால போ. போர் பக்கம். சீக்கிரம்!"

பொழுது சாய்கிற நேரத்தில் கண்டுபிடித்தார்கள். காற்றாலை ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தான் மெர்வ். தொட்டிக் குழாய் பக்கத்திலேயே இருந்தும் நகர்ந்து போய் எட்ட முடியவில்லை. நினைவு இல்லை. உயிர் மட்டும் இருந்தது. விடியும்வரை இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். செய்தி வந்ததும் நோலீன் என் அடுப்படித் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். டட்லி எழுந்து வீட்டுக்குப் போனான். அடுத்த சில நாள் அவன் பெஞ்சில் சத்தமே இல்லை. திருந்திவிட்டான் என்று நானும் நம்பினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

வெயில் காலம் போய் மெர்வ் கைத்தடியோடு முதல் முறை பப்புக்கு வந்தான். ஊரே கூடிவிட்டது. ஆளாளுக்குப் பீர் வாங்கித் தந்தார்கள். டட்லி நடுவில் நின்றான்.

"சார்ஜென்ட் போன கையில எடுத்துட்டாரு. 'கோலின், மேற்கால'ங்கறாரு. நான் விடுவேனா? 'போன வைய்யா கீழ! காலைலேர்ந்து இந்த வாசல்ல உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாம ஒரு குருவி தாண்டாது. மெர்வ் இந்தப் பக்கம் வரல. அப்ப எங்க போயிருப்பான்? வடக்க!' மேசைய ஓங்கித் தட்டினேன் பாரு, பெரிலோட கிளாஸெல்லாம் குதிச்சுது."

பெரில் என்கிற நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கிளாஸும் குதிக்கவில்லை. ஆனால் எல்லார் வாயும் பிளந்திருந்தது. மெர்வ் தடியில் சாய்ந்து, கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அன்றைய நாளே நினைவில் இல்லை. யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும்.

நோலீன் கிளாஸைக் கீழே வைத்தாள். "நீ அப்படிச் சொல்லல, டட்லி. போனது மேற்காலன்னு சொன்னதே நீதான். அப்புறம் 'தெரியல'ன்ன. அந்த ஒரு வார்த்தையிலதான் இவன் பொழச்சான். சொல்றதா இருந்தா அதைச் சொல்லு."

டட்லிக்குக் கோபம் வரவில்லை. வருத்தமும் இல்லை. அவளை ரொம்பப் பிரியமாகத்தான் பார்த்தான்.

"சொல்லலாம்மா, அதுக்கென்ன. ஆனா அதுல என்ன இருக்கு? எவன் உக்காந்து கேப்பான்?"

பப்பே இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தது. முதலில் சிரித்தவன் மெர்வ்.

நோலீன் மெர்வின் சட்டைப் பையில் கையை விட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மெர்வ் வாசல் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீ சொல்லு, டட்லி," என்றான். "மேசையத் தட்டின. அப்புறம்?"